லிங்கன் சுடப்பட்ட இரவைப் பார்த்த தாத்தா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. டிவி பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா, அப்படியென்றால் யூடியூபில் 'ஐவ் காட் எ சீக்ரெட்' என்று தேடு. அமெரிக்காவில் சிபிஎஸ் என்ற டிவி நிறுவனம் 1952-ல் தொடங்கிய நிகழ்ச்சி. வருகிறவரிடம் ஒரு ரகசியம் இருக்கும். அது நேயர்களுக்கு மட்டும் திரையில் எழுத்தாகத் தெரியும். நான்கு பேர் மாறி மாறிக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் 1956 பிப்ரவரியில் வந்த சாமுவேல் சீமோரைப் பார். 95 வயது. நியூயார்க் ஹோட்டலில் விழுந்து, கண்ணுக்கு மேலே நன்றாக வீங்கியிருக்கிறது. வர வேண்டாம் என்று சொல்லியும் மனிதர் கேட்கவில்லை. அவருடைய ரகசியம், ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டதை நேரில் பார்த்தவர் என்பது! 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டன் ஃபோர்ட் தியேட்டரில், ஐந்து வயதுப் பையனாக உட்கார்ந்திருந்தாராம். அது சந்தோஷமான விஷயமா என்று கேட்கிறார்கள். இல்லை, பயந்தே போய்விட்டேன் என்கிறார். மேலேயிருந்து மேடையில் குதித்த கொலைகாரன் தவறி விழுந்துவிட்டான் என்று நினைத்து, அந்தச் சின்னப் பையன் அவனுக்காகத்தான் கவலைப்பட்டானாம். எனக்கு அதிலிருந்து மீளவே முடியவில்லை. நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் சிகரெட் கம்பெனி, ஆனால் தாத்தாவுக்கு சிகரெட் பழக்கம் இல்லை. அதனால் பைப் புகையிலை டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதே 1956 ஏப்ரல் 12-ல் காலமாகிவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் நமக்கு அந்தக் குரலே கிடைத்திருக்காது.

வருகிறவரின் தொழிலைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் அதே காலத்து 'வாட்ஸ் மை லைன்' நிகழ்ச்சிக்கு ஓவியர் சால்வடார் டாலி வந்தார். எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறார். ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆனால் 'ஐவ் காட் எ சீக்ரெட்'டுக்கே 1957-ல் வந்த ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தை விட்டுவிடாதே. எலக்ட்ரானிக் டெலிவிஷனைக் கண்டுபிடித்தவரே டிவியில் வந்து உட்கார்ந்திருக்கிறார், எதிரே இருந்த நால்வருக்கும் அவரைத் தெரியவில்லை! உங்கள் மெஷின் வலி தருமா என்று ஒருவர் கேட்க, சில சமயம் ரொம்பவே என்கிறார். கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பரிசு 80 டாலரும் சிகரெட்டும். அப்புறம் பேசும்போது, டிவி படத்தை உருவாக்கும் கோடுகள் 525-லிருந்து 2000-க்கு மேல் போகும், டிவியே வெறும் திரையாக, படச்சட்டம் மாதிரி ஆகிவிடும் என்று சொல்கிறார். அந்த மனிதருக்கு அன்றைக்கே ஊர் கூட்டிப் பாராட்டு விழா நடத்தியிருக்க வேண்டும்.

முதலில் இந்த இரண்டையும் பார், பார்த்ததும் எழுது. சொட்டு மருந்தை மறந்துவிடாதே.

உன் அன்பு நண்பன்,
சண்முகம்