தொப்பி கேட்கிறது

மேற்கு மாம்பலம்,
கார்த்திகை, ஞாயிறு மாலை

அன்பு மாப்ளே,

பார்சலுக்குள் அப்பாவுக்காக நான் சரிசெய்த பாட்டு பிளேயர் இருக்கிறது. அதைக் கையில் எடுத்து எதையாவது அழுத்துவதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுக்கப் படித்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, நாலு நாளாகத் துணி காயவில்லை. பெரியவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, தை பிறந்ததும் பெங்களூர் கிளம்புகிறாள். அவள் அம்மாவுக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது. உன் சர்க்கரை அளவு ஏறியிருப்பதாக எழுதியிருந்தாயே, அதற்கப்புறம் ரத்தம் கொடுத்துப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் நாளைக்கே போ. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் அப்பாவின் கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி எனக்கு அனுப்பினாய் அல்லவா, அதில் 1987 ராமநவமி பஜனையை மட்டும் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மடத்து வாசலில் நீயும் நானும் டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பதிவு செய்தது. அப்பா மிருதங்கம் வாசிக்க உட்கார்வதற்கு முன்னால் ரவையைக் குழைத்துத் தொப்பியில், அந்த இடது பக்கத் தோலில், அப்பித் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அந்தத் தட்டல்கூட அதில் விழுந்திருக்கிறது. அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, வாசிக்க முடிவதில்லை, போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், எரிச்சலாகி வைத்துவிடுகிறார் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. பாட்டு மட்டும் பாடுகிற, பட்டன் வைத்த ஒரு சாதனம் அவருக்கு வேண்டும் என்று தோன்றியது. என் அலமாரியிலேயே ஒன்று கிடந்தது. 2016-இல் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய சின்ன பிளேயர். நீகூட ஒருமுறை இங்கே வந்தபோது கேட்டிருக்கிறாய்.

எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பி, திரையை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது. இதை மாற்றுவது சுலபம். பேட்டரி மேல் ஆறு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். என்னுடையதில் 403450. தடிமன் 4 மில்லிமீட்டர், அகலம் 34, நீளம் 50 என்று அர்த்தம். அதே எண்ணில் புதிதாக வாங்கினால் அச்சாகப் பொருந்தும். உப்பியதை மட்டும் கூரான எதையும் வைத்து நெம்பக் கூடாது, ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். பழைய ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறையை அடியில் செருகி மெதுவாகத் தூக்கி எடுத்தேன்.

பேட்டரி மாற்றி, கேசட் ஃபைல்களை எல்லாம் கார்டில் போட்டு, ராமநவமியைக் கேட்டேன். சப்பென்று இருந்தது. குரல் சரியாக இருக்கிறது, ஜால்ரா சரியாக இருக்கிறது, வலது பக்கத்து வலந்தலைச் சொற்கள் தெளிவாக விழுகின்றன. தொப்பியைக் காணோம். அப்பா உள்ளங்கையை அழுத்தி இழுப்பாரே, அந்தக் கும்கி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'டொக்' என்று ஒரு மரச்சத்தம். முதலில் பழைய பதிவு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் அதே இயர்போனைப் போனில் செருகி அதே ஃபைலைப் போட்டேன். தொப்பி கும்மென்று இருக்கிறது! ஆக, பதிவு சரி, இயர்போன் சரி, குறை பிளேயருக்குள்ளேதான்.

உன்னிடம் போனில் சொன்னதும் நீ உடனே, ஒலியைப் பெருக்குகிற சிப்பைச் சொல்லி, "ஐசியை மாற்றுடா, 5532 போடு" என்றாய். நம் பாலிடெக்னிக் ஆம்ப்ளிஃபயர் உனக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கும்தான். 4440 ஐசிக்கு முன்னால் 5532 போட்டதும் அறை முழுக்கச் சத்தம் எப்படித் திறந்துகொண்டது! ஆனால் மாப்ளே, அங்கே நாம் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தோம், முனைக்கு முனை 24 வோல்ட். அந்த ஐசி ஒழுங்காக வேலை செய்ய மொத்தம் 10 வோல்ட்டாவது வேண்டும். இந்த பிளேயரில் இருப்பது ஒற்றை லித்தியம் பேட்டரி, உள்ளே ஆம்புக்குப் போவது 3.3 வோல்ட். பெரிய பேர் வாங்கிய மற்ற ஐசிகளும் இப்படித்தான். ஓபிஏ2134-க்குக் குறைந்தது 5 வோல்ட், ஓபிஏ627-க்கு 9 வோல்ட். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து அதை வாங்கி இதில் வைத்தால் சத்தம் உயரும்போது கரகரக்கும், அவ்வளவுதான். அதிலும் இப்போது இணையத்தில் விற்கிற ஓபிஏ627-இல் போலி ஏராளம். விலை மலிந்த பிளேயரில் கைவைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஐசியைத்தான் பார்க்கிறார்கள். தொழிற்சாலையில் போட்ட ஐசி குறைந்த வோல்ட்டுக்கென்றே செய்தது, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

குறை இருந்த இடம் வேறு. ஒற்றைப் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப் என்பதால் அதன் வெளிவாய் சும்மா இருக்கும்போதே 1.65 வோல்ட்டில் நிற்கிறது. பாட்டு அதற்கு மேலும் கீழும் ஆடுகிறது. அந்த நிலையான வோல்ட் இயர்போனுக்குப் போனால் கெடுதல், அதனால் நடுவில் ஒரு கண்டன்சர் வைத்துத் தடுக்கிறார்கள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இப்போது வருகிற போன்களில் சிப்பே மைனஸ் வோல்ட்டையும் உண்டாக்கிக்கொள்வதால் இந்தக் கண்டன்சர் தேவையில்லை. பிளேயரைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஹெட்போன் ஜாக்குக்குப் பக்கத்தில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு மஞ்சள் கட்டிகள். மேலே 107 என்று எழுதியிருக்கிறது. 100 மைக்ரோஃபாரட்.

கண்டன்சர் சின்னதாக இருந்தால் நிலையான வோல்ட்டோடு சேர்த்துக் கீழ் ஹெர்ட்ஸ் சத்தத்தையும், அதாவது கனமான நாதத்தையும், தடுத்துவிடும். கணக்கு உனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் சுருக்கமாக வைத்துக்கொள்: 1,59,000-ஐ இயர்போனின் ஓமாலும் கண்டன்சரின் மைக்ரோஃபாரட்டாலும் வகுத்தால், எந்த ஹெர்ட்ஸில் சத்தத்தின் சக்தி பாதியாகிறது என்று வந்துவிடும். 16 ஓம் இயர்போன், 100 மைக்ரோஃபாரட். விடை கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இன்னும் மோசம், 50 ஹெர்ட்ஸில் சக்தி ஐந்தில் ஒரு பங்குதான். தொப்பியின் உயிரே அந்த இடத்தில்தானே இருக்கிறது! சில ரூபாயையும் கொஞ்சம் இடத்தையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்பாவின் இடது கையையே வெட்டிவிட்டார்கள்.

470 மைக்ரோஃபாரட் போட்டால் அதே இயர்போனுக்கு 21 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி கேசினோ தியேட்டர் பக்கமாக நடந்தேன். நாம் டிரான்சிஸ்டர் தேடி அலைந்த தெருவா இது என்று இருந்தது. கேமரா, மொபைல் உறை, சார்ஜர், எல்இடி பல்பு. உதிரி பாகம் விற்கிற கடைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், 470 மைக்ரோஃபாரட்டுக்கான குறி 477 என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "டான்டலமா, எத்தனை வோல்ட்?" என்று கேட்டார். அந்த மஞ்சள் கட்டி வகைக் கண்டன்சருக்கு டான்டலம் என்றுதான் பெயர். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 6.3 வோல்ட் போதும் என்றேன். மருந்துச் சீட்டு மாதிரி சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறார். நாலு வாங்கினேன், ஒன்று நாற்பது ரூபாய்.

வேலையை நேற்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு செய்தேன். ஃபேன் ஓடினால் சால்டரிங் அயர்ன் முனை ஆறிவிடுகிறது, நிறுத்தினால் நெற்றியிலிருந்து வியர்வை போர்டில் சொட்டுகிறது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது வருகிற போர்டுகளில் ஈயம் கலக்காத சால்டர், உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். என் 25 வாட் அயர்னை அதில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் போர்டு கருகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த நம் பழைய 63/37 ஈயக் கம்பியைக் கொஞ்சம் அதன் மேலேயே உருக்கி விடு. அது 183-இலேயே உருகும். பழையதோடு கலந்ததும் அதுவும் இளகிக் கொடுத்துவிடுகிறது. முதல் கண்டன்சர் வெண்ணெயில் இருந்து எடுத்த மாதிரி வந்தது. இரண்டாவதில் அவசரப்பட்டுவிட்டேன். ட்வீசரால் இழுத்தபோது அடியில் இருந்த செம்புத் தகடும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. ஒரு நிமிஷம் கை காலெல்லாம் ஆடிப்போயிற்று. அப்புறம் தடம் எங்கே போகிறது என்று லென்ஸில் பார்த்து, பச்சைப் பூச்சை பிளேடு முனையால் இரண்டு மில்லிமீட்டர் சுரண்டினேன். செம்பு மினுங்கியது. அதில் தலைமுடி மாதிரி ஒரு எனாமல் கம்பியைப் பற்றவைத்தேன். பிடித்துக்கொண்டது.

புதியவை உருவத்தில் பெரியவை, பழைய இடத்தில் உட்காரவில்லை. பேட்டரிக்கும் ஜாக்குக்கும் நடுவில் இருந்த இடுக்கில் படுக்கவைத்து, கம்பி இழுத்து, மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, நீயும் இதில் இறங்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும்: டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். டப்பா மாதிரி இருக்கிற அலுமினியக் கண்டன்சரில் கருப்பு அடித்த பக்கம் மைனஸ். அலுமினியப் பழக்கத்தில் தலைகீழாக வைத்தால் டான்டலம் வெடித்துவிடும். பிளஸ் ஐசி பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

மணி ஒன்றே கால். திருகைக்கூட மாட்டவில்லை, போர்டு பாதி திறந்தபடியே ராமநவமியைப் போட்டேன். ரவை அப்பித் தட்டுகிற அந்த முதல் தட்டு வந்தது பார், மாப்ளே! காதில் இல்லை, தாடைக்குள் விழுந்தது. அப்புறம் ஏழாவது நிமிஷத்தில், பாட்டு மெதுவாகிற இடத்தில், அப்பா வலது கையை நிறுத்திவிட்டுத் தொப்பியை மட்டும் ஒருமுறை அழுத்தி இழுக்கிறார். கூட்டத்தில் யாரோ "ஆஹா" என்கிறார்கள். இத்தனை நாள் அந்த "ஆஹா" எதற்கென்றே இந்த பிளேயரில் தெரியாமல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேசட் ஃபைல்களைப் பெரிய ஃபார்மட்டில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கேசட்டில் இல்லாதது எதுவும் ஃபைலுக்குள் புதிதாக வந்துவிடாது. நீ அனுப்பியதே போதும்.

அப்பாவுக்குக் காதுக்குள் செருகுவது பிடிக்காது என்பதால் காதை மூடுகிற மாதிரி ஒரு ஹெட்போனும் வைத்திருக்கிறேன். அது 32 ஓம். பழைய கண்டன்சரே இருந்திருந்தாலும் இதில் பாதிக் குறை தீர்ந்திருக்கும், 50 ஹெர்ட்ஸ் வரை வந்திருக்கும். பிளேயரைத் திறக்கத் தயங்குகிறவர்கள் யாராவது உன்னிடம் கேட்டால் முதலில் ஹெட்போனை மாற்றச் சொல்.

இப்போது கவனி. பெரிய கண்டன்சர் நிரம்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் ஆன் செய்யும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், முன்பைவிடப் பலமாக. முதலில் பிளேயரை ஆன் செய்து பத்து எண்ணிவிட்டு, அப்புறம் அப்பா காதில் மாட்டு. அணைக்கும்போது முதலில் ஹெட்போனைக் கழற்று. முதல் இரண்டு மூன்று தடவை நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடு, தலையணைக்கு அடியில் வேண்டாம். பாட்டு தொடங்குகிற பட்டன் மேல் நகப்பூச்சு வைத்து ஒரு சின்னப் புடைப்பு செய்திருக்கிறேன், சின்னவளின் சிவப்பு நிறம். அப்பா கண்ணாடி இல்லாமலே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். முதல் ஃபைலே ராமநவமிதான்.

ஏழாவது நிமிஷம் வரும்போது நீ பக்கத்தில் இரு. அப்பா என்ன சொல்கிறார் என்று அப்படியே எழுது. ரவை அன்றைக்கு அதிகமாகிவிட்டது என்று குறை சொன்னாலும் எழுது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் நமஸ்காரம்.

உன் மச்சான்

பி.கு.: கழற்றிய அந்த இரண்டு 107-ஐயும் ஒரு சின்ன உறையில் போட்டு ஹெட்போன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எவ்வளவு சின்னது என்று நீயே பார்.