மூலிகைத் தோட்டத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய ஆலய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம். ஆலயத்தின் பின்சுற்றில், பழைய பொருள் அறை இடிக்கப்பட்டபின் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் மூலிகைத் தோட்டம் அமைக்குமாறு சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் எங்களைப் பணித்தது. அப்பணி நிறைவுற்று, தோட்டம் இப்போது வழிபட வருவோர் அனைவருக்கும் திறந்திருக்கிறது.

நிலத்தைப் பண்படுத்துவதே முதல் வேலையாக இருந்தது. சிங்கப்பூர் மண் பெரும்பாலும் களித்தன்மையும் அமிலத்தன்மையும் கொண்டது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பெய்வதால், தரையில் நட்ட துளசியும் கற்றாழையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேரழுகிப் போகும். ஆகவே மண்ணை உயர்த்திப் பாத்திகள் கட்டி, அடியில் சரளைக்கல் பரப்பி, மணலும் மட்கிய உரமும் கலந்து நிரப்பினோம். பாத்திகளின் உயரம் சக்கர நாற்காலியில் வரும் மூத்தோரின் கைக்கு எட்டும்படி அமைந்திருக்கிறது. உரத்தின் ஒரு பகுதி நம் ஆலயத்து நிர்மாலியப் பூக்களிலிருந்தே கிடைத்தது. மாலைகளிலிருந்து கம்பியையும் நெகிழி நாரையும் பிரித்தெடுப்பதுதான் அதில் பெரும்பாடு. அதைப் பொறுமையாகச் செய்த தொண்டூழியர்களுக்கு நன்றி.

டெங்கிக் கொசுவுக்கு இடம் தராதிருப்பது இரண்டாவது கவலை. தொட்டிகளுக்குக் கீழே தட்டு வைப்பதை அறவே தவிர்த்தோம். ஈரம் விரும்பும் வல்லாரைக்கு மட்டும், நீர் தேங்காமல் மண் ஈரமாகவே இருக்கும்படி சொட்டுநீர்க் குழாய் அமைத்தோம்.

செடிகளைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரலாம் எனச் சில உறுப்பினர்கள் அன்போடு முன்வந்தார்கள். வெளிநாட்டுச் செடிகளுக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை. பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது முறையன்று. அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் நடைபாதைத் தொட்டிகளில் நம் தாய்மார்கள் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் கற்பூரவல்லி, தூதுவளை, பிரண்டை, ஆடாதோடை ஆகியவற்றின் துண்டுகளும் நாற்றுகளுமே பாத்திகளின் பெரும்பகுதியை நிரப்பிவிட்டன.

எவற்றை நடுவது என்பதைவிட எவற்றை நடாமல் விடுவது என்பதே குழுவில் நீண்ட நேரம் பேசப்பட்டது. எருக்கும் ஊமத்தையும் அரளியும் பூசைக்குரியவை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு விளையும். ஊமத்தை விதை மயக்கத்தையும் சித்தக் குழப்பத்தையும் உண்டாக்கும். அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சிறுவர்கள் ஓடி விளையாடும் இடத்தில் இவை வேண்டாம் என்று முடிவாயிற்று. பூசைக்குரிய பூக்களை வழக்கம்போல் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

பெயர்ப்பலகைகளே இத்திருப்பணியின் மையம் என்று குழு கருதுகிறது. ‘நீரிழிவை ஒழிக்கும்’, ‘மஞ்சள் காமாலைக்குக் கைகண்ட மருந்து’ என எழுத வேண்டுமெனச் சிலர் விரும்பினார்கள். நீரிழிவு, புற்றுநோய் முதலிய நோய்களைக் குணமாக்கும் என மருந்துகளுக்குப் பொதுமக்களிடையே விளம்பரம் செய்வதைச் சிங்கப்பூர்ச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நம் பலகை விளம்பரம் அன்று. என்றாலும் அக்கட்டுப்பாட்டின் நோக்கம் நமக்கும் பொருந்தும். எனவே ஒவ்வொரு பலகையிலும் செடியின் பெயர், வீட்டில் அதைக் கையாளும் மரபான முறை, அதைத் தவிர்க்க வேண்டியவர்கள் யார் என்பவை மட்டுமே இடம்பெற்றுள்ளன.

காட்டாக, கீழாநெல்லி காமாலைக்கு மரபாக வழங்கப்படுவது. சென்னை ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்த இனத்தைச் சேர்ந்த செடி கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் குறைப்பதாகக் கூறிப் பெரும் கவனம் பெற்றது. பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. காமாலைக்குக் காரணங்கள் பல. கண் மஞ்சளானால் கீரையைத் தேடாமல் பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுங்கள் என்றே அப்பலகை கூறுகிறது. மாறாக, ஆடாதோடைக்கு இருமலோடு உள்ள உறவு உறுதியானது: அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. அதே ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. நிலவேம்பும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. வேப்பிலைப் பாத்தியருகே மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கத்தால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் நேர்ந்ததை மலேசிய மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் செய்ததாயிற்றே என்று வாதிடுவோர் இப்பலகையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சமையற்கட்டுக்குரிய செடிகளின் பலகைகளை எழுதுவது எளிதாகவும் இனிதாகவும் இருந்தது. பிரண்டையின் இளந்தண்டை நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்தே துவையல் அரைக்க வேண்டும். இல்லையெனில் அதிலுள்ள ஆக்சலேட் என்னும் உப்பு தொண்டையை அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவதும் நல்லது. கற்றாழையை வெட்டினால் வழியும் மஞ்சள் பால் கடுமையான பேதியை உண்டாக்குவது. அதை வடியவிட்டு, உள்ளிருக்கும் கற்றாழைச் சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். தூதுவளையின் முட்களைக் கிள்ளி எறிந்துவிட்டால் ரசமும் வைக்கலாம், தோசை மாவிலும் அரைத்துச் சேர்க்கலாம்.

இங்குச் சாலையோரங்களிலும் புல்வெளிகளிலும் மஞ்சள் பூவோடு படரும் அழகுக்கொடியைக் கரிசலாங்கண்ணி என்று எண்ணிப் பறிப்பவர்கள் உண்டு. அது வேறு செடி. தோட்டத்தில் வெண்ணிறப் பூப்பூக்கும் கரிசலாங்கண்ணியை நட்டிருக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டு அறிந்துகொள்ளலாம். பொது இடங்களில் செடிகளைப் பறிப்பது குற்றம் என்பதோடு, அங்கே பூச்சிமருந்து தெளித்திருக்கவும் கூடும். மேலும் செடிகளைக் கண்டறிய விரும்புவோர், 2011இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பூமலையின் (தாவரவியல் பூங்காவின்) குணப்படுத்தும் தோட்டத்திற்கும் சென்று வரலாம். அங்கே செடிகள் அவை பயன்படும் உடலுறுப்புகளின்படி பிரித்து நடப்பட்டுள்ளன.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு அறிவிப்புப் பலகையில் வைக்கப்பட்டுள்ளது. இலை தேவைப்படுவோர் தொண்டூழியரிடம் சொல்லிவிட்டு, ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் பெற்றுக்கொள்ளலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோரும், நீரிழிவு மாத்திரை எடுப்போரும் கஷாயம் அருந்தும் முன்னர்த் தம் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். காலை நேர நீர்ப்பாய்ச்சலுக்குச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் இன்னும் ஆள் தேவைப்படுகிறது. விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு