பெட்டியை எண்ண வேண்டாம், தை மாதத்தில் ஈயை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனீ வளர்ப்புப் பயிற்சி முடித்தவர்களுக்குப் பெட்டி வழங்கினார்கள் என்று செய்தியும் படமும் அடிக்கடி வருகின்றன. ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டிகள் என்ன ஆயின என்ற செய்திதான் வருவதில்லை. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் போய்ப் பார்த்தால் பல பெட்டிகள் மெழுகு அந்துப்பூச்சியின் நூலாம்படையோடு மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். வளர்த்தவர் சோம்பேறி என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் மழைக்காலத்தைத் தாண்டும்வரை பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கு ஊருக்கு ஊர் தேனீ வளர்ப்போர் சங்கம் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எளிது, அதற்குப் பிறகு சங்கம் என்ன வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வேலை, ஈயை எந்த மாதத்தில் கொடுப்பது என்று முடிவு செய்வது. நம் பக்கம் தை பிறந்தால் முந்திரி பூக்கிறது. மாசி, பங்குனியில் இலுப்பையும் புங்கமும் வேம்பும் தொடர்கின்றன. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கும் நாட்களில் பெட்டியில் தேன் ஏறிக்கொண்டிருக்கும். வைகாசி, ஆனியில் புளி கைகொடுக்கும். ஆகவே தை மாதக் கடைசியில் ஈ வாங்குபவருக்கு நாலைந்து மாதம் பூ உண்டு, தப்பு செய்தாலும் ஈ தாங்கிக்கொள்ளும். ஆடியில் வாங்குபவருக்கு வறட்சியும் அதன் பின்னாலேயே ஐப்பசி, கார்த்திகை அடைமழையும்தான் காத்திருக்கும். பயிற்சி எப்போது முடிந்தாலும் சரி, ஈக்குடியை, அதாவது ராணியோடு கூடிய ஈக்கூட்டத்தை, தையில் மட்டுமே கொடுப்பது என்று சங்கம் பிடிவாதமாக இருக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் புதியவர் மூத்தவரின் பெட்டியைத் திறந்து பழகட்டும்.

எந்த ஈ என்ற கேள்விக்கு எங்கள் பதில் இந்தியத் தேனீ, அதாவது அடுக்கு அடையாகக் கட்டும் நம்மூர் ஈ. இத்தாலியத் தேனீ அதிகம் தேன் தரும், உண்மைதான். ஆனால் பூவைத் தேடி லாரியில் பெட்டி ஏற்றிப் போகிறவர்களுக்கு ஏற்ற தொழில் அது. ஒரே தோட்டத்தில் நாலு பெட்டி வைத்திருப்பவர் பூ இல்லாத மாதங்களில் சர்க்கரை வாங்கியே சலித்துப்போவார். நம்மூர் ஈ ஆண்டுக்குச் சில கிலோதான் தரும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். லட்சக் கணக்குச் சொல்லி ஆள் சேர்த்தால் அடுத்த ஆண்டு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பெட்டி அளவில் சங்கம் கறாராக இருப்பது நல்லது. ஒருவரிடம் மார்த்தாண்டம் பெட்டி, இன்னொருவரிடம் நியூட்டன் பெட்டி என்று இருந்தால் ஒருவர் பெட்டியில் அடையைத் தாங்கும் மரச்சட்டம் இன்னொருவர் பெட்டியில் உட்காராது. ராணி இழந்த பெட்டிக்கு அவசரமாக ஒரு முட்டை அடை கொடுத்து உதவக்கூட முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு மாதிரிப் பெட்டியை ஊர் ஆசாரியிடம் நிரந்தரமாகக் கொடுத்துவைக்கலாம். கதவும் நிலையும் இழைத்த கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. இடைவெளிக் கணக்கை மட்டும் புரியவைக்க வேண்டும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவரை 30 முதல் 32 மி.மீ., ஈ நடமாடும் சந்து சுமார் 8 மி.மீ. சந்து கூடினால் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும், குறைந்தால் ஈ நுழைய முடியாது. தேக்குதான் வேண்டும் என்றில்லை. நன்றாக உலர்ந்த, வாடை அடிக்காத மரம் போதும். உள்பக்கம் பெயின்ட் கூடாது.

பெட்டி வைக்கும் இடத்தில் காலை வெயிலும் மதிய நிழலும் வேண்டும். சித்திரை வெயில் நேராக விழுந்தால் அடை இளகிச் சரிந்துவிடும், ஈ கிளம்பிவிடும். கூழாங்கல் போட்ட அகலத் தட்டில் தண்ணீர் வைக்கலாம். நுழைவாயில் கிழக்கே பார்த்து, பெட்டி முன்பக்கம் ஒரு விரல் சாய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே தேங்காது. தாங்கியின் கால்களுக்கு எறும்புக் கிண்ணம் கட்டாயம். நகர்ப்பகுதியில் ஒரு சிக்கல் வரும்: கிண்ணத்தில் நல்ல தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு முட்டையிடும், ஆய்வுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அதைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவர் செய்வது சரிதான். தண்ணீருக்குப் பதில் கழிவு எண்ணெய் ஊற்றலாம், அல்லது கால்களில் கிரீஸ் தடவலாம். காய்ந்த இலையோ புல்லோ பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்புக்கு அதுவே பாலம்.

புதியவர்கள் ஈயைக் கொல்வது பெரும்பாலும் ஆசையால். ராணியைப் பார்க்க வேண்டும் என்று தினமும் திறக்கிறார்கள். பூக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாட்களில் 10, 15 நாளுக்கு ஒருமுறை திறந்தால் போதும். அதுவும் காலையில், 10 நிமிடத்துக்குள். ராணியைத் தேடவே வேண்டாம். அடையிலுள்ள சிறு அறையின் அடியில் ஒற்றை முட்டை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள். ஒரே அறையில் பல முட்டைகள், அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால், ராணி போய்ப் பணி ஈக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

செட்டிநாட்டில் ஈக்குடிக்குப் பஞ்சமில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சுவர்ப் பொந்து, மரப்பெட்டி, பரண் எல்லாம் நம்மூர் ஈக்குப் பிடித்த இடங்கள். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போதுதான் அது தெரிகிறது, உடனே தீப்பந்தமோ மருந்தோ வருகிறது. சங்கத்தின் எண் ஊர்க் காவலாளிகளிடம் இருந்தால் அந்தக் குடியைக் காப்பாற்றிப் புதியவருக்குக் கொடுக்கலாம். மாலை நேரத்தில், லேசாகப் புகை காட்டி, புழு அடையை மட்டும் அறுத்து, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும். தேன் அடையைச் சேர்த்துக் கட்டினால் தேன் ஒழுகி எறும்பு வரும். நாலைந்து நாளுக்கு நுழைவாயிலில் ராணி வெளியேறாதபடி ராணித் தடுப்பு போடலாம். மகரந்தம் சுமந்துவரும் ஈக்களைப் பார்த்ததும் எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. சுவரிலிருந்து எடுத்த குடியில் கருவுற்ற ராணி இருப்பாள். மரக்கிளையில் வந்து தொங்கும் சிறு கூட்டத்தில் கன்னி ராணி இருக்க வாய்ப்புண்டு. அவள் வெளியே பறந்து ஆண் ஈக்களோடு சேர்ந்து வந்தாக வேண்டும். தடுப்பைப் போட்டு இரண்டு வாரம் மறந்துவிட்டால் ராணி கருவுறாமலே போய், இடும் முட்டையெல்லாம் ஆண் ஈயாகும். அந்தக் குடி அதோடு முடிந்தது. உயரமான கட்டடத்திலும் ஆலமரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயைப் புதியவர்கள் தொடவே கூடாது. அது வேறு ஈ, வேறு கோபம். கொட்டு வாங்கியவருக்கு முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ வைத்தியம் பேசிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஈக்குடியை இனாமாகக் கொடுப்பதைவிடக் கடனாகக் கொடுப்பது மேல் என்பது எங்கள் கருத்து. தையில் நான்கு சட்டக் குடி ஒன்று: முட்டையும் புழுவும் உள்ள அடை இரண்டு, தேனும் மகரந்தமும் உள்ளது ஒன்று, காலி அடை ஒன்று. அடுத்த மாசியில் அதே அளவுக் குடி ஒன்றைப் பிரித்துச் சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும், அது அடுத்த தையில் இன்னொரு புதியவருக்குப் போகும். பிரிக்கத் தெரிந்தால்தான் கடன் அடையும் என்பதால் எல்லோரும் பிரிக்கக் கற்றுக்கொள்வார்கள். ராணி இல்லாத பாதியில் முட்டையோ மிக இளம் புழுவோ இருந்தே ஆக வேண்டும். முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாள். பறந்து கருவுற்றுத் திரும்பி முட்டையிட மேலும் ஒரு வாரம், பத்து நாள். பத்தாம் நாளே முட்டை இல்லையே என்று பதறிச் சட்டத்தை உலுக்கி, ராணி வளரும் அறையை நசுக்குபவர்கள் அதிகம். பிரித்த நாளை ஒரு கார்டில் எழுதி, 25ஆம் நாள் வரை முட்டையைத் தேட வேண்டாம் என்றும் அதிலேயே எழுதிவிடலாம்.

அடை மாற்றிக் கொடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்து பைப்புழு நோய் நம்மூர் ஈயைப் பெருமளவில் அழித்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். புழு அறைக்குள் மல்லாந்து நீண்டு, தலை மேலே தூக்கி, நீர் நிறைந்த பை போலக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் பையாகவே வரும். அது வைரஸ், மருந்து கிடையாது. சந்தேகம் வந்தால் அந்தத் தோட்டத்திலிருந்து அடையோ ஈயோ தேனோ வெளியே போகக் கூடாது. கடைத் தேனை வாங்கி ஈக்கு உணவாக ஊற்றவும் கூடாது.

இனி மழைக்காலம். புரட்டாசிக்குள் எல்லாப் பெட்டியையும் சங்கம் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். ஈ மொய்க்காத அடைகளை எடுத்துவிட்டு, தடுப்புப் பலகை வைத்து இடத்தைச் சுருக்க வேண்டும். காலி அடைதான் அந்துப்பூச்சிக்கு வீடு. சர்க்கரைப் பாகு பூக்காலத்துக்கு முன் ஒன்றுக்கு ஒன்று. மழையில் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர், ஏனெனில் ஈரக்காற்றில் ஈயால் நீரை வற்றவைக்க முடியாது. ஒரு தடவைக்கு 200 மி.லி., இருட்டிய பிறகு, பெட்டிக்கு உள்ளே. வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். வெல்லமும் கருப்பட்டியும் நமக்கு நல்லது, ஈக்கு வயிற்றுப்போக்கு. நலிந்த குடி இரண்டு இருந்தால் ஒன்றாக்குங்கள்: நலிந்ததின் ராணியை எடுத்துவிட்டு, வலுவான பெட்டியின் மேல் ஒரு தாள் விரித்து, குண்டூசியால் சில துளை போட்டு, அதன் மேல் மற்றதை வைத்தால் இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்து ஒன்றாகிவிடும். இதற்கு உங்கள் நாளிதழின் ஒரு பக்கம் போதும். செய்தி எதுவானாலும் ஈ பொருட்படுத்துவதில்லை.

தேன் எடுக்கும் இயந்திரம் ஆளுக்கொன்று வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு ஒன்று, ஈரப்பதமானி ஒன்று. அடையில் முக்கால் பங்கு அறைகளை ஈ மெழுகால் மூடியிருந்தால்தான் எடுக்க வேண்டும், அதுவும் பெட்டியின் மேல்தட்டான தேன் அறையிலிருந்து மட்டும். எல்லோர் தேனையும் ஒரே டிரம்மில் ஊற்றி விற்கும் சங்கங்கள் ஒருவர் அவசரத்தால் மொத்தத்தையும் புளிக்கவிடும். ஒவ்வொரு டின்னையும் தனியே சோதித்து, ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனதை ஒதுக்கிவிடுவது நல்லது.

முந்திரி விவசாயிகளிடம் பேசுவதும் சங்கத்தின் வேலையே. முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிக்கும் காலமும் முந்திரி பூக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தனி ஆள் போய்க் கேட்டால் சண்டை, சங்கமாகப் போனால் பேச்சு. மாலை 5 மணிக்கு மேல் அடிக்கவும் முந்தின நாள் சொல்லவும் கேட்டுக்கொள்ளலாம். சொன்னால் இரவில் கம்பிவலை வைத்து வாயிலை அடைக்கலாம். ஆனால் காலை வெயில் ஏறியும் அடைத்தே வைத்தால், மருந்தில் தப்பிய ஈ புழுக்கத்தில் சாகும்.

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் வறண்ட நில ஆராய்ச்சி நிலையமும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பயிற்சியும் மானியமும் கொடுக்கும் துறைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இலக்கை 'வழங்கிய பெட்டிகள்' என்று எழுதும் பத்திக்குப் பக்கத்தில் 'தையில் ஈ உள்ள பெட்டிகள்' என்று இன்னொரு பத்தி சேருங்கள். ஐந்து புதியவருக்கு ஒரு மூத்தவர் என்று வைத்து, முதல் ஓராண்டுக்கு அவருக்குப் பெட்ரோல் செலவு கொடுங்கள். பெட்டி வாங்கும் தொகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்போர் சிலர்,
காரைக்குடி.