எத்தனை வாட்ஸ் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர்களின் விவரத்தாளையும், அளந்து போட்ட வரைபடங்களையும் பார்த்தேன். "இதுக்கு எத்தனை வாட்ஸ் ஆம்ப் போதும்ண்ணே?" என்று கேட்டிருக்கிறாய். வாட்ஸைக் கொஞ்சம் ஒதுக்கி வை. ஆம்பால் (ஆம்ப்ளிஃபயரால்) எத்தனை ஆம்பியர் கரண்ட் தள்ள முடியும் என்பதுதான் உன் விஷயத்தில் முக்கியம்.

சென்சிட்டிவிட்டி வரியைப் பார், குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது அது. முதல் ஸ்பீக்கருக்கு 89 டெசிபல், இரண்டாவதற்கு 87. முதலாவதுதான் குறைந்த வாட்ஸில் அதிகம் சத்தம் தரும் என்று நீ நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டுமே 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தவை. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு; அந்த வோல்டேஜ் 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். முதலாவது 4 ஓம் ஸ்பீக்கர், இரண்டாவது 8 ஓம். வாட் கணக்கில் பார்த்தால் அது 86தான். 87 போட்டிருப்பதே சிக்கனமானது.

அந்த 87-ஐ வைத்தே கணக்குப் போடுவோம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 ஏறும். ஆக ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் உன் காதுக்கு 84 வரும். சராசரி 80-ல் கேட்டாலே கொஞ்சம் பலமான சத்தம்தான். நன்றாகப் பதிவு செய்த இசையில் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபல் வரை எகிறும். 100-ஐத் தொட 84-க்கு மேல் 16 டெசிபல் வேண்டும், அதாவது 40 வாட்ஸ். 100 வாட்ஸ் ஆம்ப் தாராளம். 200 வாட்ஸ் வாங்கினால் அதற்கு மேல் கிடைப்பது 3 டெசிபல், அவ்வளவுதான்.

ஓம் கணக்குதான் இதைவிடச் சிக்கலானது. தாளில் இருக்கும் 4, 8 எல்லாம் பெயரளவு எண்கள். இம்பீடன்ஸ், அதாவது அந்த ஓம் எதிர்ப்பு, ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் மாறும். கெஃப் எல்எஸ்50 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்: 8 ஓம் என்றுதான் போட்டிருக்கும், பக்கத்திலேயே குறைந்தபட்சம் 3.2 என்றும் போட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது எண்ணைத்தான் தேட வேண்டும். உன் முதல் ஸ்பீக்கர் 90 ஹெர்ட்ஸ் பக்கம் 2.5 ஓமுக்கு இறங்குகிறது. இரண்டாவது 5-க்குக் கீழே போகவில்லை. 100 வாட்ஸ் ஆம்பின் முழு வோல்டேஜ் 28.3. அதை 5 ஓமில் கொடுத்தால் சுமார் 5.7 ஆம்பியர், 2.5 ஓமில் 11.3. உச்சத்தில் 16 ஆம்பியர். பேஸ் கிடாரும் டிரம்மும் நிறைந்திருக்கும் இடமே அந்த 90 ஹெர்ட்ஸ் பக்கம்தான் என்பதால் இது எப்போதாவது வரும் சுமை இல்லை.

அதே இடத்தில் ஃபேஸ் கோட்டையும் பார். வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காமல் 45 டிகிரி விலகியிருந்தால், அவுட்புட் டிரான்சிஸ்டர் தன் மேல் நிற்கும் வோல்டேஜையும் ஓடும் கரண்டையும் ஒரே சமயத்தில் தாங்க வேண்டியிருக்கும். சூட்டுக் கணக்கில் 4 ஓம் அதற்கு ஏறத்தாழ 2 ஓம் போலத் தெரியும். இம்பீடன்ஸ் பள்ளமும் ஃபேஸ் விலகலும் வேறு வேறு இடத்தில் இருந்தால் பெரிய பயமில்லை. முதல் ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன.

ஆகவே ஆம்பின் தாளில் 8 ஓம் எண்ணோடு நிறுத்தாதே. 8-ல் 100, 4-ல் 200, 2-ல் 350 என்றால் டிரான்ஸ்பார்மரும் பவர் சப்ளையும் பலமானவை. 8-ல் 100, 4-ல் 130 என்று போட்டு 2 ஓம் பற்றி மூச்சே விடவில்லையென்றால் முதல் ஸ்பீக்கருக்கு அது ஆகாது. (சில கம்பெனிகள் 8 ஓம் எண்ணை வேண்டுமென்றே குறைத்துப் போட்டு, 4-ல் அழகாக இரட்டிப்பாவது போலக் காட்டுவதும் உண்டு.) ஜோடி சேராவிட்டால் எப்படித் தெரியும்? சத்தம் ஏறும்போது பேஸ் தளர்ந்து, மேல் ஸ்தாயி கரகரக்கும். ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியாது. கடைசியில் பாதுகாப்பு ரிலே 'டக்' என்று துண்டிக்கும். இன்னொன்று: ஆம்பின் வோல்டேஜ் உச்சத்தில் முட்டிய பிறகும் வால்யூமைத் திருகினால் பேஸ் ஏறாது, அதுவரை அடங்கியிருந்த மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும். மேல் ஸ்தாயியை வாசிக்கும், மெல்லிய கம்பி சுற்றிய ட்வீட்டர் அதில்தான் கருகும்.

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) மேல் உனக்கு ஒரு கண் என்று தெரியும். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, 2 ஓம் என்று வை. உன் இரண்டு ஸ்பீக்கர்களும் கிராஸ்ஓவர் பக்கம் (ட்வீட்டரின் கைக்குச் சத்தம் மாறும் இடம்) 20 ஓமுக்கு ஏறுகின்றன. அப்படியென்றால் முதலாவதில் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே 4 டெசிபல் வித்தியாசம் வரும், இரண்டாவதில் 2. குரல் முன்னால் வந்து நிற்கும், பேஸ் பின்வாங்கும். இதைத்தான் பலர் வால்வின் இனிமை என்று கொண்டாடுகிறார்கள். பிடித்திருந்தால் தப்பில்லை, ஆனால் நீ வாங்குவது ஒரு டோன் கன்ட்ரோல். ஆம்பின் 4 ஓம் இணைப்பில் (tap) போட்டால் வித்தியாசம் குறையும், எந்த வால்வு ஆம்பிலும் முதலில் அதை முயற்சி செய். 300பி என்ற வால்வை வைத்த சிங்கிள் எண்டட் ஆம்பை மறந்துவிடு. அதன் 8 வாட்ஸ், சென்சிட்டிவிட்டி 105 டெசிபல் உள்ள கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கருக்குப் போதும், உனக்கு 93-லேயே முட்டிவிடும்.

டேம்பிங் ஃபாக்டர் 500 என்று விளம்பரம் வரும்; 8 ஓமை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்தால் வரும் எண் அது. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் இழுத்தால், போக வர 0.07 ஓம். அந்த 500 அங்கேயே 94 ஆகிவிடும். அதுவே ஏராளம்.

இனி ஒப்பிட்டுக் கேட்கும் முறை. 1994-ல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாயிட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தும் பார்க்காமலும் கேட்க வைத்துச் சோதித்தார்கள். கண்ணால் பார்த்தபோது மதிப்பெண் மாறியது. ஆகவே ஒரு திரைத்துணி கட்டு. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் வை, தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள். ஜோடியாக வேண்டாம், ஒற்றை ஸ்பீக்கராகக் கேள். ஸ்டீரியோவின் விரிவு பல குறைகளை மூடிவிடும். பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, உட்காரும் இடத்தில் மீட்டரை வைத்து, அரை டெசிபலுக்குள் சமன் செய். போன் ஆப் போதும், இரண்டுக்கும் அதே மைக்தானே. சமன் செய்யாமல் கேட்டால் சத்தம் கூடியது ஜெயிக்கும்.

ஆம்ப்களை ஒப்பிடும்போது இன்னும் கறாராக இரு. 60 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து, ஒரு சதவீதத்துக்குள் கொண்டு வா. அது 0.1 டெசிபலுக்கும் குறைவு.

பேஸ் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. ஐந்து மீட்டர் நீள அறை 34 ஹெர்ட்ஸிலும் 69 ஹெர்ட்ஸிலும் தானே குமுறும். ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுத்துப் பார்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. அதற்கு ஒழுங்கான 80 வாட்ஸ் இன்டகிரேட்டட் ஆம்ப் போதும், வால்வு ஆசையும் பெரிதாகக் கெடாது. முதலாவதுதான் வேண்டும் என்றால் 2 ஓம் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கு, இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்