வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா அவர்களுக்கும், துணைத் தலைவர் அம்மா அவர்களுக்கும், மேலே ஏற்காட்டிலிருந்தும் கீழே சேலத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போகும். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் சில இடங்களில் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆடிப்பெருக்கன்று விதைப் பரிமாற்றம் நடந்தது. ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் மாடித் தோட்டப் பயிற்சி. வந்தவர்களைவிட டிபன் பொட்டலம் அதிகம். ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வந்தோம். டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தபோது கூட்டம் எங்கே நடத்துவது?

இனி பாத்தி விஷயம். ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் நமக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் என்ன நடுவது என்று சென்ற ஆண்டு பொதுக்குழுவில் பேசினோம். நீலப் பூக்குடை விரிக்கும் ‘அகபாந்தஸ் போதும்’ என்று நான் சொன்னேன். பெரும்பாலானவர்கள் பெரிய கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா வேண்டும் என்றார்கள். போட்டோவில் அழகாக இருக்கும், சுற்றுலா வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பது காரணம். கடைசியில் பாதி அது, பாதி இது என்று தீர்மானம் ஆனது. ஜூன் மழைக்கு இரண்டையும் நட்டோம். கணக்குப்படி இந்த அறிக்கை மார்ச்சோடு முடிய வேண்டும். பூவுக்கு அந்தக் கணக்கு தெரியாது என்பதால் மே வரை எழுதுகிறேன்.

இரண்டுமே ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்பவை. ஒற்றுமை அதோடு சரி. அகபாந்தஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. மண்ணுக்கடியில் தடித்த கிழங்கு, சதைப்பற்றான வேர். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும். வாரக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் தாங்கும். அதற்கு ஆகாதது ஈரம் தேங்குவது. அதனால்தான் மேட்டுப்பாத்தி போட வேண்டும் என்று அன்றைக்கே அடம்பிடித்தேன். ‘இந்தச் செடிக்கு இவ்வளவு மண்ணா’ என்று சிரித்தவர்கள் உண்டு. டிசம்பர் மழையில் பக்கத்து வாய்க்கால் பொங்கி வழிந்தபோது ஒரு கிழங்குகூட அழுகவில்லை. மழைக்காலத்தில் இலைக்கு நடுவே நத்தை சேரும். அதைப் பொறுக்கிப் போட வேண்டும். வேறு வேலை இல்லை.

ஹைட்ராஞ்சியா அப்படி இல்லை. ஜப்பான் பக்கத்துச் செடி. காலை வெயில் வேண்டும், மதியம் நிழல் வேண்டும், வேரடியில் எப்போதும் ஈரம் வேண்டும். சில்வர் ஓக் மரச் சருகை மூடாக்காகப் போட்டோம். சருகு தந்த எஸ்டேட்காரருக்கு நன்றி. உச்சி வெயிலில் அதன் பெரிய இலைகள் துவண்டு தொங்கும். அதைப் பார்த்ததும் பதறிப்போய் குடம் குடமாக ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சும்மா விடுங்கள், சாயங்காலம் தானாக நிமிரும் என்று குழுவில் பலமுறை எழுதினேன். படித்த அடையாளமாக நீல டிக் மட்டும் விழுந்தது.

தண்ணீர் முறைப் பட்டியல் என்று ஒன்று போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கும். முதல் இரண்டு மாதம் நடந்தது. அப்புறம் ‘இந்த வாரம் மட்டும் நீங்க பாத்துக்கோங்க’ என்ற செய்திதான் வந்தது. நான் பார்த்துக்கொண்டேன். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போகிக்கு முந்தின நாள் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஹைட்ராஞ்சியாவில் அடுத்த பருவத்துக்கான மொட்டு முந்தின வருடக் குச்சியிலேயே உருவாகிவிடும். குளிர்காலத்தில் பார்த்தால் இலை பழுத்து, பழைய பூக்கொத்து பழுப்பாகக் காய்ந்து, அசிங்கமாகத்தான் நிற்கும். அந்தக் கொத்துக்குக் கீழே, கணுவில் எதிரெதிராகப் பச்சையரிசி அளவில் தடித்த இரண்டு மொட்டு இருக்கும். அவைதான் மே மாதப் பூ. வெட்டுவதாக இருந்தால் பூ ஓய்ந்ததும் அந்தக் கொத்தை மட்டும், தடித்த மொட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். இது எதுவும் தெரியாமல், நல்ல எண்ணத்தோடுதான், ஓர் உறுப்பினர் ஆள் வைத்து முழங்கால் உயரத்துக்கு மொத்தப் பாத்தியையும் மொட்டையடித்து, குச்சிகளைப் போகித் தீயில் போட்டுவிட்டார். பெயர் வேண்டாம். கேட்டதற்கு ‘சுத்தம் பண்ணினேன்’ என்றார். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் நம் பாத்தியில் ஹைட்ராஞ்சியா இலை மட்டும் தளதளவென்று இருந்தது. அதற்கும் செயலர்தான் காரணம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதாகக் கேள்வி.

சுவரோரம் இருந்த ஒரு செடி மட்டும் அரிவாளுக்குத் தப்பியது. அது பூத்ததை வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதைப் பக்கக் கொத்துகள் நல்ல நீலம், சுவர்ப் பக்கக் கொத்துகள் வெளிறிய ரோஸ். ஒரே செடிதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, அலுமினியத் தாதுவான பாக்சைட் உள்ள மலை. மண்ணில் அலுமினியத்துக்குக் குறைவில்லை. மண்ணின் அமிலகாரக் குறியீடு (pH) 5.5க்குக் கீழே இருந்தால் செடி அந்த அலுமினியத்தை இழுத்துக்கொண்டு நீலமாகப் பூக்கும். 6.5க்கு மேலே போனால் இழுக்க முடியாது, ரோஸ்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது வழிந்து மண்ணில் இறங்கியிருக்கிறது. எலும்புத்தூள் போடாதீர்கள் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான்; அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போன அக்டோபரில் யாரோ ஒரு மூட்டை எலும்புத்தூள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அது இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. ரோஜா வைத்திருப்பவர்கள் எடுத்துப் போகலாம்.

சேலம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கொடுத்த ஹைட்ராஞ்சியா குச்சிகள் காய்ந்துவிட்டதாகச் சிலர் வருத்தப்பட்டார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். போதாததற்குப் பல வீடுகளில் உப்புக் கலந்த போர்த் தண்ணீர். அங்கே நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருக்கும்போது இதற்காக ஏங்க வேண்டாம். அகபாந்தஸ் தொட்டியில் வைத்தவர்கள், இலை நன்றாக வருகிறது, பூந்தண்டு வரவில்லை என்கிறார்கள். பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் பூக்க மனம் வரும் என்பார்கள். மலைக் குளிரை எதிர்பார்க்கும் செடி என்பதால் அப்படியும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு செடியும் விஷத்தன்மை உள்ளவை. ஆடு, நாய்க்குட்டி வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே அகபாந்தஸ் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கிழங்கு பிரித்து நட்ட முதல் வருடம் பூக்காமல் போவது சகஜம். ஆனாலும் மே கடைசியில் பாதிக்கு மேற்பட்டவை இடுப்பு உயரத் தண்டு விட்டு நீலப் பூக்குடை விரித்தன. அந்தப் பக்கமே போகாத சில உறுப்பினர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து, ‘எங்கள் சங்கத் தோட்டம்’ என்று போட்டிருந்தார்கள். சந்தோஷம்.

வரவு செலவைப் பொருளாளர் அய்யா தனியாக வாசிப்பார். மொத்தத்தில் கையைக் கடிக்கவில்லை. கையில் பெரிதாக நிற்கவும் இல்லை. மேட்டுப்பாத்திக்கு மண் அடித்த செலவில் ஒரு பகுதி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை. சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். பாதிப்பேர் கட்டவில்லை. சிலர் இரண்டு வருடமாகக் கட்டவில்லை, ஆனால் விதைப் பரிமாற்றத்துக்கு முதல் ஆளாகப் பையோடு வருகிறார்கள்.

இடம் தந்தவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணிக்கும், ஆலோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடலாம். வெட்டுப்பட்ட ஹைட்ராஞ்சியா சாகவில்லை. யாரும் தொடாமல் விட்டால் 2026 கோடையில் பூக்கும். அதுவரை வாரம் இரண்டு பேர் தண்ணீர் ஊற்ற வர வேண்டும். வர முடியாது என்றால் அந்தப் பாதியையும் அகபாந்தஸ் ஆக்கிவிடலாம் என்பது என் கருத்து, தீர்மானம் உங்களுடையது. எனக்கும் முழங்கால் வலி இருக்கிறது, செயலர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றுக்கொண்டால் ஷெட் சாவியை இன்றே கொடுத்துவிடத் தயார். யாரும் இல்லையென்றால் முறைப் பட்டியல் அந்த மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

மூத்த உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு அகபாந்தஸ் புதரை வரும் செப்டம்பரில் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்தாவது இருக்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் வராது. ஜூலை 15க்குள் சந்தா கட்டியவர்களுக்கு முதலில் கொடுக்கப்படும். பழைய பாக்கியையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
செயலர்