வால்நட் பொட்டலத்தோடு ஒரு கடிதம்

திபிலிசி, ஜார்ஜியா,
10.12.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். நீ, அப்பா, ஆயா, தம்பி எல்லோரும் நலமா? தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் "சாப்பிட்டியா" என்று நீ கேட்கிறாய், "சாப்பிட்டேன்" என்று நான் சொல்கிறேன். என்ன சாப்பிட்டேன் என்று சொல்லத் தொடங்குவதற்குள் அங்கே குக்கர் விசில் அடிக்கும், இல்லையென்றால் இங்கே வகுப்புக்கு நேரமாகிவிடும். விழுப்புரத்துத் தோழி லீவுக்கு ஊருக்கு வருகிறாள். அவளிடம் உனக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நிதானமாக எழுதினால்தான் சரிவரும். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்றால் தம்பியைப் படிக்கச் சொல்.

பொட்டலத்தில் ஒரு கிலோ வால்நட் பருப்பு இருக்கிறது. பார்க்க மூளை மாதிரி சுருங்கி இருக்கும். அனாடமி வகுப்பில் எங்களுக்கு மூளையைக் காட்டியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஜார்ஜியாக்காரர்கள் இதை நிகோஸி என்கிறார்கள். இந்த நாட்டுச் சமையலைச் சொல்ல ஒரே வார்த்தைதான் அனுமதி என்றால் நான் நிகோஸி என்றுதான் சொல்வேன். நமக்குத் தேங்காய் எப்படியோ இவர்களுக்கு இது அப்படி. இனிப்பில் மேலே தூவுகிற பொருள் இல்லை. குழம்பைக் கெட்டியாக்குவது, கீரையைச் சேர்த்துப் பிடிப்பது, கத்தரிக்காய்க்கு உடம்பு கொடுப்பது எல்லாமே இதுதான்.

முதல் வருஷம் இது எதுவும் எனக்குத் தெரியாது. மெஸ் சாப்பாடு, ரொட்டி, முட்டை என்று ஓட்டினேன். நான் இளைத்துவிட்டேன் என்று வீடியோ காலில் நீ அழுதாயே, அந்தச் சமயம். இப்போது தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி அமைந்தது என் நல்ல காலம். இங்கே பாட்டியை பெபியா என்று கூப்பிடுகிறார்கள். (தம்பியிடம் சொல்: இங்கே அம்மாவுக்கு தேதா, அப்பாவுக்கு மாமா. சின்னப் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து "மாமா, மாமா" என்று ஓடுவதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.) பெபியாவுக்கு மேற்கே சமெக்ரெலோ பக்கம், ஸுக்திதிக்கு அருகில் ஒரு கிராமம் சொந்த ஊர். அந்தப் பக்கத்து ஆட்கள் நம்மைப் போலவே காரம் சாப்பிடுவார்கள். மிளகாயும் பூண்டும் அரைத்த அட்ஜிகா என்ற துவையல் எப்போதும் மேசையில் இருக்கும். அதை முதல் தடவை தொட்டு நாக்கில் வைத்ததும் நம் வீட்டு மிளகாய்த் துவையல் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. காரத்தில்தான் கண் கலங்கியது என்று பெபியா நினைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தார்.

கிறிஸ்துமஸ் இங்கே ஜனவரி 7. அதற்கு முன்னால் நாற்பது நாள் விரதம், நவம்பர் 28 முதல். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. அது போக வருஷம் முழுக்க புதன், வெள்ளியும் விரதம்தான். வெள்ளிக்கிழமை நான் கறி சாப்பிட மாட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று பெபியா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். அவர் வீட்டிலும் அதே வழக்கம்! அந்த நாட்களில் ருசிக்கும் தெம்புக்கும் வால்நட்தான் துணை. இப்போது விரத காலம் என்பதால் இந்த வீட்டில் தினம் தினம் அரைப்பு வேலை நடக்கிறது. அரைப்பது என் பொறுப்பு. மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற ஒரு கை மெஷின், கறி கொத்துவதற்கு வைத்திருப்பது. அதில் பருப்பைப் போட்டு இரண்டு தடவை சுற்ற வேண்டும்.

நீ முதலில் செய்து பார்க்க வேண்டியது கத்தரிக்காய். இங்கே பட்ரிஜானி என்று பெயர். நீளக் கத்தரிக்காய் நான்கு எடுத்து நீளவாக்கில் தகடு தகடாக அரிந்து, உப்புத் தடவி அரை மணி வைத்தால் தண்ணீர் விடும். பிழிந்து, துடைத்து, எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்கப் பொரித்து ஆறவிடு. ஒரு பெரிய கைப்பிடி வால்நட்டை மூன்று நான்கு பல் பூண்டு, உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் தனியாத்தூள் சேர்த்து அம்மியில் அரை. மிக்ஸியில் ஓட்டினால் சூடேறி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. உன் அம்மி இருக்கும்போது உனக்கென்ன கவலை! பிறகு ஒரு ஸ்பூன் வினிகர், பொடியாக அரிந்த கொத்தமல்லி, வெதுவெதுப்பான தண்ணீர் சிறிது விட்டுப் பிசைந்தால் துவையல் பதம் வரும். கத்தரித் தகட்டில் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்துக்களைத் தூவ வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு ஆறிப்போன கத்தரிக்காய் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். அன்று ஏழு சுருள் சாப்பிட்டேன்.

ப்காலி என்று இன்னொன்று. கீரையை வேகவைத்து ஒட்டப் பிழிந்து, பொடிப்பொடியாகக் கொத்தி, இதே அரைப்போடு பிசைந்து உருண்டை பிடிப்பது. பசலை, முட்டைக்கோஸ், பீட்ரூட், பீட்ரூட் இலை, பீன்ஸ் என்று எதில் வேண்டுமானாலும் செய்கிறார்கள். நாம் குப்பையில் போடுகிற பீட்ரூட் இலையில் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அரைக் கிலோ கீரைக்கு 150 கிராம் பருப்பு சரியாக இருக்கும். நம் வீட்டு முருங்கைக்கீரையில் செய்தால் எப்படி வருமோ, நீதான் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

பொட்டலத்தில் இரண்டு சின்னப் பாக்கெட்டும் இருக்கும். மஞ்சளாக இருப்பது துலுக்கச் சாமந்தி இதழைக் காயவைத்துப் பொடித்தது, பயப்படாதே. நாம் மாலை கட்டுகிற அதே பூ. இவர்களுக்கு நிறத்துக்கும் வாசனைக்கும் இதுதான் குங்குமப்பூ. இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து நீ முகர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அனுப்பினேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தெஸெர்ட்டிர் பஜார் என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் துப்பாக்கியை அங்கே விற்றார்களாம், அதனால் அந்தப் பெயர். மசாலாக் கடை வரிசையில் நடந்தபோது திடீரென்று நம் வீட்டுச் சாம்பார்ப் பொடிக்கு வெந்தயம் வறுக்கிற வாசனை. அப்படியே நின்றுவிட்டேன். வெந்தயத்துக்குத் தங்கச்சி செடி ஒன்று, நீலப் பூ பூப்பது. அதன் விதையையும் காயையும் பொடித்தது அது. கசப்பு குறைவு. பெயர் உத்ஸ்கோ சுநேலி. உத்ஸ்கோ என்றால் அயலூரிலிருந்து வந்தது என்று அர்த்தம் என்றார் பெபியா. என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களை இவர்கள் உத்ஸ்கோயெலி என்பார்கள், அதே சொல்தான். எங்கிருந்தோ வந்த வாசனை என்று பெயர் வைத்துவிட்டு, அது இல்லாமல் ஒரு வால்நட் குழம்பும் வைப்பதில்லை. கத்தரிக்காய் அரைப்பிலும் கால் ஸ்பூன் போடு.

இனி சத்ஸிவி. அதுதான் இவர்களுடைய புது வருஷச் சாப்பாடு. வான்கோழியை வேகவைத்து, வெங்காயத்தை அதன் கொழுப்பிலேயே வதக்கி, அரைத்த வால்நட்டை வெந்த தண்ணீரில் கரைத்து, பூண்டு, தனியா, பட்டை, கிராம்பு, சாமந்திப் பொடி, வினிகர் எல்லாம் சேர்த்து வைக்கிற வெளிர்மஞ்சள் குழம்பு. த்ஸிவி என்றால் குளிர்ச்சி. சூடாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி முழுக்க ஆறி, மறுநாள் கெட்டிப்பட்டு, மசாலா உள்ளே இறங்கிய பிறகுதான் பரிமாறுவார்கள். நம் மீன் குழம்பு மறுநாள் ருசிப்பது போல என்று வைத்துக்கொள். போன டிசம்பர் 31 அன்று பெபியா மகன்களுக்காக ஒரு பெரிய அண்டா நிறைய வைத்தார். விரதம் என்பதால் தான் மட்டும் ஒரு வாய்கூடத் தொடவில்லை. உப்பு பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்.

பிறகு ஒருநாள் நானே கோழியில் செய்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு போல நினைத்து நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அரைப்பு திரிந்து, மணல் மணலாகப் பிரிந்து, எண்ணெய் தனியே மிதந்தது. தேங்காய்ப்பால் விட்டபின் கொதிக்கக் கூடாது என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அதே சட்டம்தான். ஓரத்தில் லேசாகக் கொப்பளம் கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அந்தத் தடவை பருப்பும் சரியில்லை. ஒரு கடையில் பழைய சரக்கைத் தந்துவிட்டார்கள், எண்ணெய்ச் சிக்கு வாடை. அப்போதிருந்து ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். வெளிறிய நிறமாக இருந்தால் புதுசு, குழம்பும் பளிச்சென்று வரும். உனக்கு அனுப்பியது இந்த அக்டோபரில் விழுந்தது. ஃபிரிட்ஜில் வை, வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலில் சிக்கு அடித்துவிடும்.

அந்த அக்டோபரைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன் அம்மா. பெபியா ஊருக்குப் போகும்போது என்னையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வீட்டுக்கு வீடு ஹேசல்நட் என்ற இன்னொரு கொட்டைக்குத் தோட்டம். அது விற்பனைக்கு, வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. 2016, 2017இல் ஒரு நாற்றப் பூச்சி வந்து அந்த விளைச்சலையே அழித்ததாம். பெபியாவின் தம்பி மனைவி அதைச் சொல்லும்போது, 2011இல் ‘தானே’ புயல் முடிந்த மறுநாள் காலையில் விழுந்துகிடந்த முந்திரி மரங்களுக்கு நடுவே அப்பா பேசாமல் நின்றது என் கண்ணில் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அதை அவர்களுக்குச் சொன்னேன். பாதி ஜார்ஜிய மொழி, பாதி கை ஜாடை. அந்த அம்மா என் கையை விடவே இல்லை.

வாசலில் ஒரு பெரிய வால்நட் மரம். நீளக் கம்பால் கிளையை அடித்தால் காய் உதிரும். மேலே பச்சைத் தோல், அதை உரித்தால்தான் ஓடு. சாயங்காலம் பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து உரித்தார்கள், நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் என் விரல் பத்தும் கறுத்துவிட்டது. சோப்பு, எலுமிச்சை எதற்கும் போகவில்லை. மூன்று வாரம் அந்தக் கையோடுதான் கல்லூரிக்குப் போனேன். பெபியாவின் கையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். நகக்கண் ஓரம், ரேகைக்குள், கட்டை விரல் மடிப்பில் எல்லாம் கறுப்பு. அது உன் கைதான் அம்மா. முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து, சாம்பலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாயே, அப்படியும் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருக்குமே, அந்தக் கை. பள்ளிக்கூடத்தில் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தபோது நீ அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன். இத்தனை வருஷம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் காலையில் பெபியா ஒரு வேலை செய்தார். காய்ந்த கொட்டைகளை உடைத்து, உடையாமல் முழுசாக வந்த நல்ல பருப்பையெல்லாம் முதலில் ஒரு ஜாடியில் போட்டு மூடி, "இது வீட்டுக்கு" என்றார். மிச்சம்தான் சந்தைக்கு. அரைத்ததைக் கைப்பிடியில் வைத்து இறுக்கிப் பிழிந்து, விரலிடுக்கில் கசிந்த பொன்னிற எண்ணெயை ஒரு கரண்டியில் பிடித்து, குழம்பின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு என் முன்னால் வைத்தார். நான் உடனே சாப்பிடவில்லை. நம் வீட்டில் முழுப் பருப்பு டின்னுக்குப் போகும், உடைசலும் குருணையும்தான் நமக்கு. பண்ருட்டியில் பிறந்து, இத்தனை வருஷம் முந்திரி உடைத்து, நீ ஒரு முழு முந்திரியை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. பொங்கலுக்குக்கூட அதை இரண்டாகப் பிளந்துதான் வறுப்பாய்.

பங்குனி, சித்திரையில் ஆயா பச்சைக் கொட்டையைக் கீறி எடுத்து, தோல் உரித்து, கறி மசாலா போட்டு ஒரு குழம்பு வைக்குமே. அதை நான் இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பருப்பிலேயே குழம்பா என்று இங்கே இருக்கிற நம் நாட்டுக்காரர்களே ஆச்சரியப்படுகிறார்கள். பெபியா மட்டும் ஆச்சரியப்படவில்லை, என்ன புளிப்பு சேர்ப்பீர்கள் என்று கேட்டார். எனக்கு அளவு சரியாகத் தெரியவில்லை. ஆயாவிடம் கேட்டு எழுது. அந்த மாதம் நான் ஊரில் இருக்க மாட்டேன், காய்ந்த பருப்பை ஊறவைத்துத்தான் இங்கே வைக்க வேண்டும்.

வால்நட் தீர்ந்த பிறகு அந்தக் கத்தரிக்காயை முந்திரியில் செய்து பார். முந்திரிக்கு இந்தத் துவர்ப்பு கிடையாது, இனிப்பு தூக்கும், அதனால் வினிகரையோ எலுமிச்சையையோ கொஞ்சம் கூட்டு. உத்ஸ்கோ தீர்ந்தால் வறுத்த வெந்தயப் பொடி ஒரு சிட்டிகை போதும், அதற்கு மேல் போட்டால் கசக்கும். ஆனால் அதற்கு உடைசலை எடுக்காதே. டின்னில் போடுவதற்கு முன்னால் முழுப் பருப்பாக இரண்டு கைப்பிடி எடுத்துத் தனியே வை. அப்பா ஏதாவது சொன்னால் நான் எழுதியிருக்கிறேன் என்று சொல். செய்த அன்று நீ முதலில் சாப்பிட்டுவிட்டு எனக்கு போன் செய், வகுப்பில் இருந்தாலும் எடுக்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீ கொடுத்த சால்வை கதகதப்பாக இருக்கிறது. ஜனவரி கடைசியில் பரீட்சை. ஆயாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கத் தம்பியிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்