வெள்ளைக் கல்லும் குடம்புளியும்

மார்த்தாண்டம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. பாலக்காட்டு வீட்டு அடுக்களைக்கு மார்பிள் போடலாமா என்று கேட்டிருந்தாய். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

எங்கள் மேடை மகனுடைய ஆசை. ஊரே கறுப்பு கிரானைட் போட, இவனுக்கு மட்டும் தாஜ்மகாலுக்குப் போன அதே மக்ரானா கல். தாஜ்மகாலில் யாரும் மீன் கறி வைக்கவில்லையே என்றேன்; எடுபடவில்லை.

போன மாதம் சாளை மீன் வாங்கி மஞ்சளும் உப்பும் புரட்டி வைத்தேன். பக்கத்துக் கிண்ணத்தில் குடம்புளி ஊறிக்கொண்டிருந்தது. பேரன் அழுதான் என்று போனவள் திரும்பி வந்தால், ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், மறுபக்கம் கிண்ணத்தின் அடி வட்டம். குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் எலுமிச்சை மூடியால் அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது, பளபளப்புதான் போயிற்று.

பாலிஷ் போடும் பையன் வந்து பார்த்தான். "கறை வேற, அரிப்பு வேறம்மா. மார்பிள் சுண்ணாம்பு இனம். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் தின்னும்" என்றான்.

கறைக்கு அவன் சொன்ன வழி பலித்தது. மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆப்பச் சோடாவை இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, கறைமேல் விரல் கனத்துக்கு அப்பினேன். ஓரத்தில் கொஞ்சமாக இறங்கியிருந்த மஞ்சள் உடனே ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தது! பயந்துவிட்டேன். மஞ்சளில் சோடா பட்டால் அந்த நிறம்தானாம். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி 24 மணி நேரம் விட்டு, அப்புறம் தாளை எடுத்துக் காயவிட வேண்டும். காயும்போதுதான் உள்ளே இறங்கியதை மேலே இழுக்குமாம். இரண்டாம் தடவையில் சுத்தமாகப் போய்விட்டது. கறுப்பு மார்பிளில் மட்டும் செய்யாதே, வெளுத்துவிடும்.

புளி வட்டத்துக்கு மருந்து கிடையாது. மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். அவன் சொன்ன கூலியைக் கேட்டு, சரி, இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் உப்பு போட்டு வைக்கிற மரவை உட்கார்ந்திருக்கிறது. மகன் இன்னும் கவனிக்கவில்லை.

நீ கிரானைட்டே போடு.

அன்புடன்,
லீலா